பெண் கேட்கப் போன ஜாக்கெட்

இதனால் சகல பொதுமக்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், இஸ்தான்புல் மாநகரில் நில அளவை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் துணைப் பிரிவுத் தலைவராக வீற்றிருக்கும் திருவாளர் ஃபெரிதுன் அவர்கள், தமது நாற்பத்து நான்காம் வயதில், நெடிய ஆலோசனைக்குப் பிறகு, தமக்கென்று ஒரு தோல் ஜாக்கெட் வாங்குவதாக முடிவெடுத்துவிட்டார்.

அறிவிப்பு வெளியான இடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை. வெளியிட்டவர் ஃபெரிதுனே. கேட்ட பொதுமக்கள் இரண்டே பேர்: அவனுடைய அக்காவும் என் மனைவியுமான நெவின், அப்புறம் நான். ஒருவர் கையில் கத்தரிக்காய்க் கரண்டி இருந்தது, இன்னொருவர் வாயில் ரொட்டி இருந்தது. ஆகவே கைதட்டல் எழவில்லை.

"எதுக்குடா இப்ப ஜாக்கெட்டு? போன வருஷம் வாங்கின கோட்டு என்னாச்சு?" என்றாள் நெவின்.

"அக்கா, அது கோட்டு. நான் பேசறது ஆளுமையைப் பத்தி."

"ஆளுமையை எந்தக் கடையில விக்கிறான்?"

ஃபெரிதுன் கோபப்படவில்லை. அவன் கோபப்படுவதே இல்லை. அதற்குக் கீழ்நிலை ஊழியர்கள் இருக்கிறார்கள் என்பது அவன் நினைப்பு. துடைக்கும் துணியை நான்காக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கோப்பில் குறிப்பு எழுதுகிறவன் போல விஷயத்தைச் சொன்னான்.

விஷயம் நெஸ்ரின். பாஸ்பரஸ் ஜலசந்திக்கு அக்கரையில், குஸ்குன்ஜுக்கில், பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவள். தங்கள் வீட்டுக் கொல்லையின் எல்லை பற்றிக் கேட்க அலுவலகத்துக்கு வந்தவள், ஃபெரிதுன் மேஜையில் விரித்த வரைபடத்தைப் பார்த்து, "சார், நீங்க இதைத் தலைகீழா வெச்சிருக்கீங்க" என்றாளாம். இருபது வருட உத்தியோகத்தில் அவனை யாரும் திருத்தியது கிடையாது. அன்றைக்கே ஆள் காலி. அவளுக்கும் அவனைப் பிடித்துப்போனது. எப்படி என்று என்னைக் கேட்கக்கூடாது. பூகோளம் படித்தவர்கள் வறண்ட நிலப்பரப்புகளில்கூட எதையாவது கண்டுபிடிப்பார்கள்.

நடுவில் நின்றது அவளுடைய அப்பா. மஸ்ஹர் கேப்டன். நாற்பது வருஷம் படகுப் போக்குவரத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, ஒரே மகள். "அப்பா சரின்னு சொல்லாம நான் வரமாட்டேன்" என்று நெஸ்ரின் தெளிவாகச் சொல்லிவிட்டாள். அப்பா அதற்கு முன் இரண்டு பேருக்குச் சரி சொல்லவில்லை. ஒருத்தன் பொறியாளர். உட்காரும்போது மடிப்புக் கலையாமலிருக்கக் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான் என்று தட்டிவிட்டார். இன்னொருத்தன் பல் மருத்துவர். குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் தன் ஷூவில் பட்டதும் முகத்தைச் சுளித்தான் என்று தட்டிவிட்டார். மூன்றாவது ஆளையும் தட்டிவிட்டால் நெஸ்ரின் நான்காவதாக யாரையும் கூட்டிவரப் போவதில்லை. ஃபெரிதுனுக்கும் வேறு வரைபடம் கிடையாது.

"மனுஷர் ஆளைப் பார்த்த முதல் நிமிஷத்துலயே எடை போட்டுடறார்," என்றான் ஃபெரிதுன். "அந்த முதல் நிமிஷத்துல அவர் கண்ணுக்குப் படறது என்ன? என் மேல இருக்கறது. அதனாலதான் தோல். நல்ல தோல். எனக்குப் பொருந்தற தோல்."

"உனக்குன்னு ஏற்கனவே ஒண்ணு இருக்கே," என்றாள் நெவின். "அதைத் தாண்டி எதுவும் உள்ள போனதில்ல."

அந்தச் சனிக்கிழமையே என்னையும் இழுத்துக்கொண்டு கூரை போட்ட பெரிய சந்தைக்குக் கிளம்பினான். பெற்றோர் இல்லாத வீட்டில் அத்தான்தான் பெரியவர். பெண் கேட்கும்போது வாய் திறந்து கேட்க வேண்டியவனும் நானே. ஆகவே ஜாக்கெட் விஷயத்திலும் எனக்குப் பொறுப்பு உண்டு என்பது அவன் கட்சி.

அந்த வருஷங்களில் இஸ்தான்புல்லில் தோல் ஜாக்கெட் வாங்கியது முழுக்க ருஷ்யர்கள். மூட்டை மூட்டையாகக் கட்டிப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கடைக்காரர்கள் எல்லோரும் ருஷ்ய மொழி பேசப் பழகிவிட்டார்கள். ஃபெரிதுன் வெளுத்த முகமும் நிமிர்ந்த நடையுமாக உள்ளே நுழைந்ததும் மூன்று கடைகளில் அவனிடம் ருஷ்ய மொழியிலேயே பேரத்தை ஆரம்பித்தார்கள்.

"நான் துருக்கிக்காரன். அரசு அலுவலர்," என்றான் மூன்றாவது கடையில், மார்பை நிமிர்த்தி.

"அதனால என்ன அண்ணே, உங்களுக்கும் குடுப்போம்," என்றான் கடைக்காரன்.

கொடுத்தான். கறுப்பு, பளபளப்பு, தோளில் பட்டை, இடுப்பில் பெல்ட், கணக்கில்லாத ஜிப்புகள். ஃபெரிதுன் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றான். போர் விமானத்தில் ஏற வந்து சீட்டுக் கிடைக்காமல் திரும்புகிறவன் மாதிரி இருந்தான். கடைக்காரன் அசல் தோல் என்று நிரூபிக்க லைட்டரை எடுத்து ஜாக்கெட்டின் கையோரத்தில் நெருப்பைக் காட்டினான். எரியவில்லை. ஃபெரிதுன் என்னைத் திரும்பிப் பார்த்தான், தானே கண்டுபிடித்த மாதிரி.

"பார்த்தீங்களா அத்தான்? நெருப்புக்கே அசையல."

"கேப்டன் உன்னைக் கொளுத்திப் பார்ப்பார்னா இது சரியான தேர்வுதான் மாப்ளே."

அதோடு அந்தக் கடை முடிந்தது. அடுத்து வந்த இரண்டு சனிக்கிழமைகளும் இப்படியே போயின. அதற்குள் அவன் தோல் பற்றி ஊரில் எல்லோரிடமும் பேச ஆரம்பித்திருந்தான். பேசாத ஒரே ஆள் தோல் தெரிந்த ஆள். கடைசியில் நெவின்தான் பொறுக்கமுடியாமல், "முவல்லாகிட்ட போங்க. இல்லன்னா இவன் கிழவனாகி ஜாக்கெட்டோட அடக்கமாவான்" என்றாள்.

முவல்லா அவளுடைய பள்ளித் தோழி. ஜெய்தின்புர்னுவில், தோல் பட்டறைகள் அடுக்கடுக்காக இருக்கும் தெருவில், மூன்று மாடிக் கட்டடம் முழுக்க அவளுடையது. விரலுக்கு ஒரு மோதிரம், உதட்டில் அணையாத சிகரெட், யாரையும் 'நீங்க' போட்டுப் பேசாத வாய். கணவர் இருந்த காலத்திலும் கடையை நடத்தியது அவள்தான். அவர் கல்லாவில் தூங்குவார். இப்போது கல்லாவில் யாரும் தூங்குவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

டீ வந்தது. ஃபெரிதுன் தன் தேவைகளை வரிசையாகச் சொன்னான். கறுப்பு. உயரமான காலர். பட்டை. பெல்ட். நெருப்புக்குத் தாங்க வேண்டும்.

முவல்லா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"தம்பி, நீ பெண் கேக்கப் போறியா, நாட்டைப் பிடிக்கப் போறியா?"

"முதல் அபிப்பிராயம் முக்கியம் இல்லையா, அம்மணி."

"அம்மணி உன் ஆபீஸ்ல. இங்க நான் அக்கா. நெருப்பு வெச்சுக் காட்டறவன் வேற எதையும் காட்டமாட்டான், தெரிஞ்சுக்கோ. உயரக் காலர் வேணுமா? உன் கழுத்து எங்க? இருக்கறதே ரெண்டு விரல். அதையும் காலர் முழுங்கிட்டா தலையை ஜாக்கெட்டு மேல வெச்சுக் குடுத்த மாதிரி இருக்கும்."

நான் டீயை வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷமாக நான் சொல்ல நினைத்து வார்த்தை கிடைக்காமல் தவித்தது அது.

அவள் உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்தாள். கறுப்பு இல்லை. கொட்டைப்பாக்கு நிறத்தைவிட ஒரு சாயல் கருத்த பழுப்பு. பட்டை இல்லை, பெல்ட் இல்லை. சின்னக் காலர், முன்னால் ஒரே ஜிப். பார்க்கச் சாதாரணமாக இருந்தது. ஃபெரிதுனின் முகம், விண்ணப்பத்தில் கையெழுத்து விட்டுப்போயிருப்பதைப் பார்த்த முகமாக மாறியது.

"கண்ணால வாங்காத," என்றாள் முவல்லா. "கையை வை."

வைத்தான். அவள் அவன் விரலைப் பிடித்தே தோலில் அழுத்தினாள். அழுத்திய இடத்தைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடின. விரலை எடுத்ததும் நிதானமாக மறைந்தன.

"ஆட்டுக்குட்டித் தோல். அழுத்தினா சுருங்கணும், விட்டா சமாதானமாகணும். மேல்பக்கத்தைப் பாரு, கிட்ட வெச்சுப் பாரு, முடி இருந்த துளைங்க தெரியுதா? அங்கங்க நெருக்கமா, அங்கங்க கலைஞ்சு இருக்கு. எல்லாம் ஒரே சீரா இருந்தா நம்பாத. ஆடு கோடு போட்டு முடி வளர்க்காது. முதுகைத் திருப்பு. ஒரே துண்டு. நடுவுல ஒட்டு விழுந்தா அது மிச்சம் மீதியில தெச்சது. மோந்து பாரு."

ஃபெரிதுன் மோந்து பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். என்ன தெரிந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் கண்ணை மூடினால் நிபுணத்துவம் கூடுகிறது.

போட்டதும் நேராகக் கண்ணாடியை நோக்கி நடந்தான். முவல்லா குறுக்கே நின்றாள்.

"கண்ணாடி அப்புறம். முதல்ல உட்காரு."

உட்கார்ந்தான். முன்பக்கம் தொந்தியில் தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. "எந்திரி. ரெண்டு கையையும் தூக்கு." தூக்கினான். ஜாக்கெட் கூடவே இடுப்புக்கு மேல் ஏறி ஓடவில்லை. "தோள் தையல் தோள் எலும்பு முடியற இடத்துல நிக்குதா? நிக்குது. கை மணிக்கட்டுல நிக்குதா? நிக்குது. கொஞ்சம் இறுக்கமா இருக்கா?"

"சற்று."

"இருக்கணும். தோல் இளகும், சுருங்காது. இன்னைக்குத் தொளதொளன்னு இருந்தா அடுத்த வருஷம் கூடாரம். சரி, இப்ப உன் அத்தானைக் கட்டிப்பிடி."

"எதற்கு?"

"கட்டிப்பிடிக்க முடியாத ஜாக்கெட்டு எதுக்கு?"

கல்யாணம் ஆகி இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக என் மைத்துனன் என்னைக் கட்டிப்பிடித்தான். முதுகுத் தையல் எங்கும் முனகவில்லை. நாங்கள் இருவரும்தான் கொஞ்சம் முனகினோம்.

அப்புறம்தான் கண்ணாடியைக் காட்டினாள். சொல்ல வருத்தமாக இருக்கிறது, ஆனால் சொல்லத்தான் வேண்டும்: நன்றாக இருந்தான். தோளுக்கு ஒரு வடிவம் வந்திருந்தது. தொந்தி எங்கேயோ தலைமறைவாகிவிட்டது. அந்தப் பழுப்பில் அவன் முகத்துக்கே ரத்தம் ஏறியிருந்தது. நல்லது செய்யக்கூடியவன் போலத் தெரிந்தான். அவனைக் கிண்டல் செய்யும் என் தொழிலுக்கே ஆபத்தான தருணம் அது.

"இதுதான்," என்றான் ஃபெரிதுன் கண்ணாடியிடம். "நான் முதல்லேர்ந்தே இந்த மாதிரிதான் மனசுல வெச்சிருந்தேன்."

முவல்லா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவனைத் தாங்க முடியவில்லை. அகலமான மர ஹேங்கர் வாங்கினான். வெயில் படாத இடத்தில் மாட்டினான். உடம்போடு பழக வேண்டும் என்று வீட்டுக்குள்ளே போட்டுக்கொண்டு செய்தி பார்த்தான். அலுவலகத்தில் இரண்டு பேருக்குத் தோள் தையல் எங்கே நிற்க வேண்டும் என்று விளக்கியிருக்கிறான். அவர்கள் பட்டா கேட்டு வந்தவர்கள். "ஆடு கோடு போட்டு முடி வளர்க்காது" என்பதை எங்கள் வீட்டில் அவன் சொன்னபோது, தானே ஆடு மேய்த்துக் கண்டறிந்த மாதிரி சொன்னான்.

"ஜாக்கெட்டுக்குள்ள ஒரு ஆள் இருக்கான்னு அவங்களுக்கு யாராவது சொல்லணுமேடா," என்றாள் நெவின்.

"தேவையில்ல அக்கா. கேப்டனுக்குத் தெரியும். கடல்ல வாழ்ந்தவர். தரம் பார்க்கத் தெரிஞ்ச மனுஷர்."

குறித்த ஞாயிற்றுக்கிழமை மழை. படகில் ஏறினோம். நெவின் கையில் பூங்கொத்து, என் மடியில் வெள்ளித் தட்டில் அடுக்கிய சாக்லேட், ஃபெரிதுன் மேல் ஜாக்கெட். அதற்கு உள்ளே, ஐந்து வருஷத்துக்கு முன் நெவின் பின்னிக்கொடுத்த கடுகு நிறக் கையில்லாத ஸ்வெட்டர். "ஜிப்பைப் போட்டா தெரியாது" என்பது அவன் ஏற்பாடு. தோல் நசுங்கும் என்று உட்காராமலே அக்கரை வரை வந்தான்.

மலைச்சரிவில் பழைய மரவீடு. மணியடித்தோம். கதவைத் திறந்தது கேப்டனின் தங்கை ரெஃபிகா அத்தை. பின்னால் நெஸ்ரின், சிரித்த முகம். ஃபெரிதுன் வாசலில் அரை அடி பக்கவாட்டில் திரும்பி நின்றான். முதல் நிமிஷம் ஆரம்பமாகிவிட்டது என்பது அவன் கணக்கு.

"வாங்க, வாங்க. நனைஞ்சுட்டீங்களா? கழட்டுங்க, கழட்டுங்க," என்றாள் அத்தை.

ஊரில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே ஷூவையும் மேல்கோட்டையும் கழற்றுவோம். பிறந்ததிலிருந்து செய்கிறோம். வாரக்கணக்காகத் தோலைப் பிதுக்கிப் பார்த்தோமே தவிர, அவனோ நானோ நெவினோ முவல்லாவோ, ஒருத்தருக்கும் இது மண்டையில் உறைக்கவில்லை. ஃபெரிதுனின் முகத்தைப் பார்த்தேன். அப்போதுதான் உறைக்கிறது அவனுக்கு.

ஷூவைக் கழற்றினான். ஜாக்கெட்டின் ஜிப்பை இன்னும் மேலே ஏற்றினான்.

"அதையும் குடு தம்பி, மாட்டிடறேன்."

"இருக்கட்டும் அத்தை."

"குளிருதா?"

"இல்லை, சௌகரியமாத்தான் இருக்கு."

"உள்ள அடுப்பு எரியுது. வெந்துபோவ."

"பழக்கம்தான் அத்தை."

அத்தையின் சிரிப்பு ஒரு சுற்றுக் குறைந்தது. "என்ன, வந்த கையோட கிளம்பற மாதிரியா?"

அதுதான் அதன் அர்த்தம். கோட்டோடு உட்காருகிறவன் இருக்க வந்தவன் இல்லை. நெவின் அவன் காலை மிதித்தாள். ஷூ இல்லாத கால். ஃபெரிதுன் ஜிப்பை இறக்கினான். மாலைச் சூரியன் போல உள்ளேயிருந்து கடுகு நிறம் வெளிப்பட்டது. நெஸ்ரின் ஜாக்கெட்டை வாங்கி, அவனுடைய கண்ணெதிரிலேயே, இருண்ட நடையின் கொக்கியில், ஒரு கம்பளிக் கோட்டுக்கும் மார்க்கெட் பைக்கும் நடுவில் மாட்டினாள். மர ஹேங்கர் அங்கே இல்லை. மிச்சமிருந்த வீட்டுச் செருப்பு ஒரே ஜோடிதான். முன்னால் பஞ்சு உருண்டை வைத்தது. அவனுடைய குதிகால் இரண்டும் பின்னால் தரையில் கிடந்தன.

இந்தக் கோலத்தில்தான் மஸ்ஹர் கேப்டன் அவனை முதல்முறை பார்த்தார்.

அடுப்பருகே உட்கார்ந்திருந்தார். எழுந்து கைகொடுத்தார். உட்காரச் சொன்னார். அப்புறம் பேசவில்லை. நான் மழையைப் பற்றிச் சொன்னேன். "ம்" என்றார். நெவின் பூவைப் பற்றிச் சொன்னாள். "ம்" என்றார். ஃபெரிதுன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இன்றைய படகுச் சேவையின் நிர்வாகச் சிக்கல்கள் குறித்துத் தன் கருத்தை முன்வைத்தான். கேப்டன் அதற்கு 'ம்' கூடச் சொல்லவில்லை. ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் ஒரு பீரங்கி போல இருந்தவன் இங்கே தாழ்ந்த சோபாவில் முழங்காலைச் சேர்த்து வைத்து, நேர்முகத் தேர்வுக்கு வந்த பையன் மாதிரி இருந்தான். காரியம் கைநழுவுகிறது என்று எனக்கே தெரிந்தது. வாசல் பக்கம் அவன் பார்த்த பார்வையைப் பார்த்து அத்தை, "பாத்ரூம் அந்தப் பக்கம் தம்பி" என்றாள்.

நெஸ்ரின் காப்பி போட எழுந்துபோனாள். பெண் கேட்க வரும் நாளில் பெண்தான் காப்பி போடுவாள். மாப்பிள்ளையின் கோப்பையில் மட்டும் சர்க்கரைக்குப் பதில் உப்பு. முகம் சுளிக்காமல் குடித்தால் ஆள் எதையும் தாங்குவான் என்று பெயர். அவள் உள்ளே போனதும் அடுப்பு மங்கியது. கேப்டன் எட்டிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"கரி தீர்ந்துடுச்சு. கொல்லையிலேர்ந்து எடுத்துட்டு வரேன்."

"நான் போறேன்," என்று ஃபெரிதுன் பாதி எழுந்தான்.

"உக்காரு. அந்தச் செருப்புல நீ விழுந்தா உன்னையும் நான்தான் தூக்கணும்."

அன்று மாலை அவர் பேசிய முதல் முழு வாக்கியம் அது. நடையில் கொக்கி சத்தம் கேட்டது. கொல்லைக் கதவு சாத்தியது.

காப்பி வந்தது. நெஸ்ரின் தட்டை நீட்டும்போது அவள் உதட்டோரம் ஆடியது. தாராளமாகப் போட்டிருக்கிறாள் என்று புரிந்தது. ஃபெரிதுனுக்கு இது ஒன்றுதான் மிச்சமிருந்த மேடை. உறிஞ்சவில்லை. அண்ணாந்து வாய் நிறைய வாங்கிக்கொண்டான்.

கதவு திறந்தது. மழையில் ஊறிய மஸ்ஹர் கேப்டன் ஒரு கையில் கரி வாளியும் இன்னொரு தோளில் அரை மூட்டைக் கரியுமாக உள்ளே வந்தார். மேலே ஆட்டுக்குட்டித் தோல் ஜாக்கெட். இருட்டில் கைக்கு அகப்பட்டதை மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். தோளிலிருந்து இடுப்பு வரை கரிச்சேறு வழிந்தது. ஜாக்கெட்டின் இடது கையில் விறகுக்கட்டையோ வேலியோ கீறிய ஒரு நீளக் கோடு.

ஃபெரிதுனின் கண்கள் விரிந்தன. வாய் திறக்கவில்லை. திறக்க முடியாது, உள்ளே உப்புக்காப்பி இருந்தது. துப்பினால் பெண் போச்சு. விழுங்க மனசு வர வேண்டும். கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிலை மாதிரி நின்றது. வலது கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு இறங்கி, மூக்கோரமாக நடந்து, மோவாயில் நின்றது.

"பாவம், ரொம்ப போட்டுட்டியாடி?" என்றாள் அத்தை.

கேப்டன் மூட்டையை இறக்கினார். எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்துத் தன்னைக் குனிந்து பார்த்தார். கரிக் கையால் மார்பைத் தடவினார். இப்போது மார்பிலும் கை அச்சு விழுந்தது.

"யாரோடது இது?"

நெவின் என் முழங்கையைப் பிடித்தாள். நெஸ்ரினுக்குத் தெரிந்துவிட்டது. தட்டு அவள் கையில் சாய்ந்தது.

"உன்னோடதா தம்பி?"

ஃபெரிதுன் விழுங்கினான். காப்பி இறங்குவதைத் தொண்டையில் நாங்கள் எல்லோரும் பார்த்தோம். வாயைத் திறந்தான். என்ன சொல்ல நினைத்தான் என்று பிற்பாடு அவனுக்கே நினைவில்லை. உப்பில் நாக்கு மரத்த மனுஷனுக்கு, குழந்தையிலிருந்து அம்மா தலையில் தட்டித் தட்டிப் பழக்கிய மரியாதை வார்த்தைகள்தான் தானாக வரும். ஒருத்தர் மேல் புதுத் துணியைப் பார்த்தால் எங்கள் ஜனங்கள் எல்லோர் வாயிலும் வருகிற அதே வார்த்தை வந்தது.

"சந்தோஷமாப் போட்டு அனுபவிங்க," என்றான் ஃபெரிதுன்.

சொன்னால் சொன்னதுதான். வாழ்த்தியபின் அது போட்டிருப்பவருடைய துணி. திருப்பிக் கேட்டவன் எவனும் எங்கள் தெருவில் இன்னும் பிறக்கவில்லை. ஃபெரிதுன் தன் வாயிலிருந்து வந்ததைத் தன் காதால் கேட்டான். வாயை மூடினான். அவனுடைய முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. உப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கேப்டன் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்தார். ஜிப்பை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றினார். அதைப் போட்டுக்கொண்டே அடுப்பருகே உட்கார்ந்தார்.

"முதல்ல வந்தவனுக்குக் கால்சட்டைக் கவலை," என்றார் யாரிடமும் இல்லாமல். "அடுத்தவனுக்கு ஷூ கவலை. இவன் பாரு. கரி பட்டும் கண்ணு சிமிட்டல." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீங்க ஏதோ கேக்க வந்தீங்களே. கேளுங்க."

நான் எழுந்து நின்று, வாரம் முழுக்க மனப்பாடம் செய்ததை ஆரம்பித்தேன். "இறைவனின் ஆணைப்படியும், நபியின் சொற்படியும், உங்கள் மகள் நெஸ்ரினை..."

"குடுத்தாச்சு. காப்பியைக் குடிங்க, ஆறிடும்."

நெஸ்ரின் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைக்கு ஓடிப்போய், ஒரு தம்ளர் தண்ணீரோடு வந்தாள். அதை ஃபெரிதுன் குடித்த மாதிரி யாரும் தண்ணீர் குடித்து நான் பார்த்ததில்லை. தம்ளரைத் திரும்ப வாங்கும்போது அவள் அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை. அவனும் முதல்முறையாக அந்த வீட்டில் ஒழுங்காகச் சிரித்தான்.

திரும்பும்போது மழை வலுத்திருந்தது. அத்தை தேடி எடுத்து அவனுக்குக் கேப்டனின் பழைய மஞ்சள் மழைக்கோட்டைப் போட்டுவிட்டாள். முழங்காலுக்குக் கீழே தொங்கியது. படகில் மூவரும் உட்கார்ந்தோம். இப்போது அவன் உட்காரலாம். பாதிக் கடல் தாண்டியது. நான் ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது தொண்டையைச் செருமினான்.

"பார்த்தீங்களா அத்தான்?"

"எதை மாப்ளே?"

"ஜிப்பை ரெண்டு தடவை ஏத்தி இறக்கினார். மார்பைத் தடவிப் பார்த்தார். மனுஷருக்குக் கை வெச்ச மாத்திரத்துல தெரிஞ்சுபோச்சு. சாதாரணத் துணியா இருந்தா பெண்ணைக் குடுத்திருப்பாரா?"

"டேய், உப்பு மூளைக்கு ஏறிடுச்சா?" என்றாள் நெவின்.

"நான் சொன்னேன் இல்ல அக்கா, கடல்ல வாழ்ந்தவர், தரம் தெரிஞ்சவர்னு. நல்ல தோலைத் தேர்ந்தெடுத்தா அது தன் வேலையைச் செஞ்சுடும். போட்டிருக்கறது யாருங்கறது இரண்டாம் பட்சம்."

மஞ்சள் மழைக்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கரையைப் பார்த்தான். நாட்டைப் பிடித்துவிட்டுத் திரும்புகிறவன் முகம்.

வசந்தத்தில் கல்யாணம் நடந்தது. சொற்பொழிவைச் சுருக்கிக்கொள்ள நெஸ்ரின் அவனைப் பழக்கிவிட்டாள். வரைபடத்தையும் இப்போது நேராகத்தான் விரிக்கிறானாம். அலுவலகத்தில் புதிதாக வருகிறவர்களிடம் மட்டும், ஒரு மேதைக்கும் இன்னொரு மேதைக்கும் நடுவில் தோல் எப்படி மொழியாகிறது என்று சொல்கிறான்.

போன வாரம் குஸ்குன்ஜுக்குக்குப் போயிருந்தேன். கேப்டன் கொல்லையில் அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கொடுத்தது நன்றாக உழைக்கிறதா என்று கேட்டேன்.

"ரெக்ஸின்தானே," என்றார். "சோப்புப் போட்டுக் கழுவிடறேன்."